ஐந்தாவது தோட்டாவின் நீளம்

லூயிஸ்டவுன், மொன்டானா
1998 மே 4

அன்புள்ள மார்வா அக்கா,

போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போட்டாலும் இரண்டு வரியாவது கண்ணில் படும். அதனால்தான் எழுதுகிறேன். நீ உன் புருஷன் வெண்டலை விட்டுப் போனபோது "தப்பு உன் பேர்லதான்" என்று நான் சொன்னது உனக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். அந்தப் பேச்சை இப்போது எடுக்கவில்லை. எனக்கு ஒரு சந்தேகம். தீர்த்துவைக்க உன்னைத் தவிர யாரும் இல்லை.

சனிக்கிழமை கிளப்பில் சுடப் போயிருந்தேன். என்னுடைய குட்டி ரிவால்வர் உனக்குத் தெரியுமே, அலுமினிய உடம்பு, ஐந்து தோட்டா பிடிப்பது. நான்கு சுட்டேன். ஐந்தாவதுக்கு விசையை இழுத்தால் உருளை நகரவே இல்லை. கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன், அப்படியே இறுகிக்கொண்டது. வரிசையில் எல்லோரும் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஹால்வர் ஓடி வந்தார். இன்னும் அவர்தான் அங்கே மேற்பார்வை.

"துப்பாக்கிய மண்மேட்டுப் பக்கமே பிடி. அசைக்காத. ஒண்ணும் பண்ணாத."

வாங்கிக்கொண்டு போய் ஒரு மரக்குச்சியை வைத்து ஏதோ செய்து திறந்தார். ஐந்தாவது தோட்டாவின் குண்டு, அதன் பித்தளைக் கூட்டை விட்டு முன்பக்கமாக நகர்ந்து, உருளைக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு இருந்தது.

"என்ன ஆர்லிஸ், குண்டு தானே வெளிய வந்து எட்டிப் பாக்குது? உன் குறி அதுக்கே புடிக்கலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹால்வர் சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்து அளந்தார். பெட்டியில் சுடாமல் இருந்தவை எல்லாம் ஒரே நீளம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை. துப்பாக்கியிலிருந்து எடுத்த அந்த ஒன்று மட்டும் ஒரு தீக்குச்சித் தடிமன் வளர்ந்திருந்தது. சுடாத தோட்டா எப்படி வளரும்?

தோட்டா நான் போட்டதுதான், காலிக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே செய்தது. குளிர்காலத்தில் பொழுது போகாமல் கற்றுக்கொண்டேன். செம்புப் பூச்சுக் குண்டு வாங்கிப் போட்டேன். என்ன தப்பு செய்தேன் என்று சொல்.

பள்ளிக்கூடச் சமையலறையில் கோடை விடுமுறைக்கு முன்னால் வேலை கழுத்தை நெரிக்கிறது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதையும் எழுது.

தங்கை ஆர்லிஸ்


யக்கிமா, வாஷிங்டன்
மே 12

ஆர்லிஸ்,

கிழிக்கவில்லை. முழுக்கப் படித்தேன், இரண்டு தடவை.

முதலில் உன் சந்தேகம். சுடும்போது துப்பாக்கி பின்னால் துள்ளும். துப்பாக்கியோடு தோட்டாக்கூடும் பின்னால் போகும். கூட்டுக்குள் இருக்கும் கனமான குண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பஸ் திடீரென்று கிளம்பும்போது நிற்கிறவர்கள் பின்னால் சாய்கிறார்களே, அதே கதை, திசைதான் வேறு. நீ ஒவ்வொரு தடவை சுடும்போதும் சுடாத மற்ற குண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகின்றன. கடைசிவரை உள்ளே இருப்பது எல்லா உதையையும் வாங்கும். கனமான துப்பாக்கியில் உதை குறைவு. உன்னுடைய தகர டப்பா மாதிரித் துப்பாக்கியில் கழுதை உதை.

குண்டு நகராமல் இருக்கத்தான் கூட்டின் வாயை மடக்கி நெருக்குகிறோம். ஈயக் குண்டில் அதற்கென்றே ஒரு வரிப்பள்ளம் இருக்கும், வாயை அதில் மடக்கிவிடலாம். நீ சொல்லும் பூச்சுக் குண்டு வழவழவென்று இருக்கும், பள்ளம் கிடையாது. செம்புத்தோல் அவ்வளவு மெல்லிசு. அதிகம் நெருக்கினால் தோல் வெட்டுப்பட்டுப் போகும் என்று பயந்து லேசாக விடுவார்கள். லேசாக விட்டால் உனக்கு நடந்தது நடக்கும். இவ்வளவுதான் விஷயம்.

எத்தனை நெருக்கினால் போதும் என்று புத்தகம் சொல்லாது. சோதித்துத்தான் பார்க்கவேண்டும். ஐந்து தோட்டாவை அளந்து போடு, நாலைச் சுடு, ஐந்தாவதை வெளியே எடுத்து மறுபடி அள. வளரவில்லை என்றால் சரி. தோட்டா போடத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

இனி என் சந்தேகம். பெட்டியில் இருப்பதெல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாமல் ஒரே நீளம் என்கிறாய். நீ போட்டாயா? கேக்கை எட்டாக வெட்டச் சொன்னால் பெரிசு மூன்று, சிறிசு நான்கு, தூள் ஒன்று என்று வெட்டுகிறவள் நீ. மொன்டானாவில் அந்த அளவுக்கு ஒரே நீளமாகத் தோட்டா போடுகிறவர்கள் இரண்டு பேரைத்தான் எனக்குத் தெரியும். ஒருத்தி நான். நான் யக்கிமாவில் ஆப்பிள் கிடங்கில் நின்று பெட்டி கட்டிக்கொண்டு இருக்கிறேன்.

யார் போட்டது? ஒரு வரியில் பதில் எழுதினால் போதும்.

மார்வா


லூயிஸ்டவுன்
மே 19

அக்கா,

வெண்டல் போட்டது.

ஒரு வரிதான் கேட்டாய். ஆனால் ஒரு வரியோடு நிறுத்தினால் நீ மிச்சத்தை உன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வாய். உன் கற்பனையைவிட உண்மை எவ்வளவோ சாது.

ஜனவரியில் பனிப்புயலில் என் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. அவர்தான் டிராக்டர் கொண்டுவந்து இழுத்தார். அடுத்த வாரம் பேட்டரி மாற்றிக் கொடுக்க வந்தார். அதற்கடுத்த வாரம் ஒரு காரணமும் இல்லாமல் வந்தார். காபி குடித்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டுமா. ஏப்ரலில் என் பிறந்தநாளுக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்தார். ஐம்பது தோட்டா. "உன் குட்டித் துப்பாக்கிக்கு. லேசா சுடும், கை வலிக்காது" என்றார். அவர் அன்று பேசியதே அவ்வளவுதான்.

நீ சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன் பழைய கோட்டு எனக்கு வந்தது. உன் பழைய சைக்கிள் வந்தது. வகுப்பில் நுழைந்ததுமே ஆசிரியர்கள் "மார்வாவோட தங்கச்சியா நீ? அப்படின்னா கணக்குல புலியா இருப்பியே" என்று என்னை ஏமாற்றத்தோடு பார்த்தார்கள். இப்போது உன் பழைய புருஷனும். சிரித்துக்கொள். நீ அவரை விட்டுப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. விவாகரத்துக் காகிதத்தில் முதலில் கையெழுத்துப் போட்டது நீ. நான் எதையும் திருடவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இருப்பது ஒரே அக்கா. உன்னிடம் சொல்லாமல் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லி ஆரம்பித்ததற்கு மன்னித்துக்கொள். தோட்டா சந்தேகம் மட்டும் உண்மையான சந்தேகம்.

நான் சரி சொல்லட்டுமா?

ஆர்லிஸ்


யக்கிமா
மே 27

ஆர்லிஸ்,

நீ அவனைக் கட்டிக்கொள், விட்டுவிடு, அதில் எனக்கு ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று நானே வைத்துவிட்டு வந்ததை யார் எடுத்தால் எனக்கென்ன? இப்படித்தான் எழுதி முடித்து உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு உறையைக் கிழித்துவிட்டேன். எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைத்து உனக்குக் கடிதம் எழுதி என்ன பிரயோஜனம்?

கல்யாணம் அல்ல என்னை எரிப்பது. அந்தப் பெட்டி.

உனக்கு எங்கள் உலகம் தெரியாது. அடுத்தவர் போட்ட தோட்டாவைச் சுடக்கூடாது, நீ போட்டதை அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது. இது சட்டம் இல்லை, ஆனால் சட்டத்தைவிடப் பெரிசு. மருந்து இரட்டையாக விழுந்திருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். அந்தப் பொறுப்பை யாரும் யார் தலையிலும் வைப்பதில்லை. ஹால்வரிடம் ஒரு தோட்டா கடன் கேட்டுப் பார், சொத்தில் பங்கு கேட்ட மாதிரி முழிப்பார்.

எங்கள் வீட்டு நிலவறையில் ஒரு நீள மேசை. இந்தக் கோடியில் தோட்டா அழுத்தும் என் பிரஸ், அந்தக் கோடியில் அவனுடையது. பதினோரு வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து போட்டோம். அவன் தோட்டா ஒன்றை நான் சுட்டதில்லை. என்னுடையதை அவன் தொட்டதில்லை. மாநிலப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு எனக்கு இரண்டு தோட்டா குறைந்துபோனது. அவன் பக்கத்திலேயே நிற்கிறான், பை நிறைய அதே அளவுத் தோட்டா. அவன் நீட்டவில்லை, நான் கேட்கவில்லை. இரண்டு புள்ளியில் தோற்றேன். திரும்பி வரும்போது வண்டியில் எனக்குக் கோபம் இல்லை தெரியுமா? பெருமையாக இருந்தது. என் புருஷன் விதியை மீறாதவன், எனக்காகக்கூட மீறமாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி.

அப்படிப்பட்டவன் உனக்கு ஐம்பது போட்டுப் பெட்டியில் அடுக்கிப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்திருக்கிறான். தோட்டாவில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்றே தெரியாத உனக்கு. நீயும் வாங்கிக்கொண்டு போய் ஒன்றையும் அளந்துகூடப் பார்க்காமல் டப் டப் என்று சுட்டிருக்கிறாய்.

அவன் பேசமாட்டான் என்பதால்தான் அந்த வீட்டைவிட்டு வந்தேன். சாப்பாட்டு மேசையில் தட்டும் கரண்டியும்தான் பேசும். எனக்கு இல்லாத பேச்சு உனக்கு வந்திருக்கிறது. அதுவும் தோட்டாவாக வந்திருக்கிறது, எனக்குப் புரிகிற ஒரே மொழியில்.

நான் சரி என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் என்னை எரிந்து தீர விடு.

மீதித் தோட்டாக்களைச் சுடாதே. என் கோபம் வேறு, உன் விரல்கள் வேறு. அவன் சோதிக்காமல் கொடுக்கிற ஆள் இல்லை. நிச்சயம் சுட்டு அளந்து பார்த்திருப்பான். எந்தத் துப்பாக்கியில் சோதித்தான் என்று கேள்.

மார்வா


லூயிஸ்டவுன்
ஜூன் 6

அக்கா,

கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவர் நிலவறைக்கு இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். இரும்பு அலமாரியைத் திறந்து, ஃபிளானல் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உன் துப்பாக்கி. அந்த நீளக்குழல் கனத்த ரிவால்வர், ஆறு தோட்டா பிடிப்பது. நீ அதை எடுத்துக்கொண்டு போயிருப்பாய் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. எண்ணெய் மினுமினுக்கிறது. மரப்பிடி உன் உள்ளங்கை பட்ட இடத்தில் கறுத்துப்போய் இருக்கிறது.

"இதுலதான் பாத்தேன். அஞ்சு சுட்டு ஆறாவத அளந்தேன். துளிகூட நகரல."

"இதுல எதுக்கு பாத்தீங்க? நான் சுடப்போறது என்னோட துப்பாக்கியிலதானே?"

துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குத் துப்பாக்கி ஞானம் இல்லை. ஆனால் இது புரிகிறது. எனக்கென்று போட்ட தோட்டா உன் துப்பாக்கிக்குப் பொருத்தமாக இருக்கிறது. என் துப்பாக்கியில் கழன்று வருகிறது. அவர் மனசுக்குள் அளவெடுத்தது உன் கைக்கு. பெட்டியைக் கொடுத்தது என் கையில். நீ என்னடா என்றால் அந்தப் பெட்டிக்காக வயிறு எரிகிறேன் என்கிறாய். அக்கா, அது உன் பெட்டி. வேண்டுமானால் பார்சல் செய்கிறேன்.

இரண்டு வருஷமாக ஒரு மனிதர் வேறொருத்தியின் துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? வீட்டில் ஒரு ஜன்னல் திரையை அவர் துவைத்து நான் பார்த்ததில்லை. என்னிடம் கேட்டால் நான் கோட்டு, சைக்கிள் எல்லாம் பொறுத்துக்கொள்வேன். உன் நிழலில் வந்து நிற்க மட்டும் என்னால் முடியாது.

மேசை மேலேயே பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். "நான் யோசிக்கணும், கொஞ்ச நாள் வராதீங்க" என்றேன். தலையாட்டினார். அவருக்கு ஆட்டத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஏன் அந்தத் துப்பாக்கியை அங்கே விட்டுவிட்டுப் போனாய்? வந்து எடுத்துக்கொண்டு போ. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

ஆர்லிஸ்


யக்கிமா
ஜூன் 13

ஆர்லிஸ்,

உன் கடிதம் வந்த அன்று கிடங்கில் செர்ரி வந்து குவிந்திருந்தது, மூச்சுவிட நேரமில்லை. இடைவேளையில் நின்றபடியே படித்தேன். பிறகு நாள் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே பெட்டி கட்டினேன். என் பக்கத்தில் நிற்கும் லூப்பே, "என்ன மார்வா, சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டாள். "அதவிடப் பெருசு" என்றேன்.

என் தங்கை அழுதுகொண்டு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு நான் பாட்டுப் பாடினேன். என்னைப் பற்றி நீ தெரிந்துகொள்ளவேண்டியது இதுதான். நான் நல்லவள் இல்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் என் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறான். எனக்கு வேறென்ன வேண்டும்?

ஏன் விட்டுவிட்டு வந்தேன் என்கிறாய். இரண்டு பெட்டியோடு கிளம்பினேன், கனமான சாமான் எதையும் எடுக்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், ஒருநாள் அவன் அலமாரியைத் திறப்பான், அது கண்ணில் படும், மனசு உறுத்தும், போன் செய்வான் என்று நினைத்தேன். அவன் செய்யவில்லை. ஆனால் உறுத்தியிருக்கிறது பார்.

அதனால் நான் வந்து எடுக்கமாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். நீ அந்த வீட்டுக்குக் குடிபோனாலும் அந்த அலமாரியில் அது இருக்கும். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் குடிபோகாதே.

இதை அனுப்பவேண்டாம் என்று மனசு சொல்கிறது. அனுப்பத்தான் போகிறேன்.

மார்வா


லூயிஸ்டவுன்
ஜூன் 22

மார்வா,

உன் கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

வெண்டல் நேற்று வந்தார். வாசலில் நின்றபடியே, "அவ துப்பாக்கிய அவகிட்ட குடுத்துட்டு வரேன். தபால்ல வேணாம், நானே போறேன்" என்றார். நான் போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை கிளம்புகிறார். வழியில் எங்கேயாவது தங்கினால் வெள்ளிக்கிழமை உன் வாசலில் இருப்பார்.

உன் வாசலில் அவர் நின்றால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அவர் என்ன செய்வார் என்றுதான் தெரியவில்லை. அவர் அங்கேயே தங்கிவிட்டால் எனக்கு எழுதாதே. எழுதாமல் இருப்பதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். நான் அழுது ஊரைக் கூட்டமாட்டேன். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும், முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடவேண்டும், அந்த வேலை எனக்குப் போதும்.

ஆர்லிஸ்


யக்கிமா
ஜூன் 29

என் ஆர்லிஸ்,

எழுதுகிறேன். அதிலேயே உனக்குப் பதில் கிடைத்திருக்கும். ஆனாலும் முழுக்கப் படி.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். தலைக்குக் குளித்தேன். ஆப்பிள் கேக் செய்தேன். நீல நிறத்தில் ஒரு சட்டை, வாங்கியதிலிருந்து போடாதது, அதைப் போட்டுக்கொண்டேன். எதையும் மறைக்கவில்லை உன்னிடம். மத்தியானம் வந்தான். துணியில் சுற்றிய என் துப்பாக்கியை மேசையில் வைத்தான். நான் எதிரில் உட்கார்ந்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தான். உள்ளே ஏழெட்டு பூச்சுக் குண்டுகள், கூட்டிலிருந்து பிடுங்கியவை. ஒவ்வொன்றின் இடுப்பிலும் செம்புத்தோல் வெட்டுப்பட்டு, ஈயம் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது.

"இறுக்கினா வெட்டுது. விட்டா கழலுது. அவளோட துப்பாக்கியில எப்படித்தான் நிக்கவைக்கிறது மார்வா? நீ சொன்னா சரியா இருக்கும்."

அவன் பேசிக்கொண்டே போனான். நீ முகம் திருப்பிக்கொண்டு போன மறுநாளே உன்னுடையது மாதிரியே ஒரு குட்டி ரிவால்வர் விலைக்கு வாங்கியிருக்கிறான், சோதித்துப் பார்க்க. உன் கை சின்னதாம், பிடியை உயரத்தில் பிடிக்கிறாயாம், சுடுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாயாம், அந்தக் கண்ணை மூடுவதை நிறுத்தத்தான் மருந்தைக் குறைத்து லேசாகப் போட்டானாம். ஆர்லிஸ், அவனோடு இருந்த பதினோரு வருஷத்தில் அவன் என்னைப் பற்றி இவ்வளவு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டான். என் சட்டையைப் பார்க்கவே இல்லை.

"அப்புறம் எதுக்கு என் துப்பாக்கியில சோதிச்ச?" என்று கேட்டேன்.

"அவளுக்குத் தெரியாம பண்ணணும்னு நெனச்சேன். அவளோடத கேட்டா தெரிஞ்சுடுமே. கையில இருந்தது இதுதான்."

"அவகிட்ட இத சொல்லவேண்டியதுதானே?"

"அவ கோவமா இருந்தா."

நான் அந்த ஆளை அறிவேன். அவனுக்குப் பாராட்டவும் தெரியாது, பொய் சொல்லவும் தெரியாது. எண்ணெய் போட்டது எதற்கு என்றும் கேட்டேன். "துரு புடிக்குமே" என்றான். அவ்வளவுதான். இரண்டு பேரும் அந்த எண்ணெயைப் பார்த்து ஆளுக்கொரு கதை கட்டியிருக்கிறோம். என் கதை இனித்தது, உன் கதை கசந்தது, இரண்டும் வெறும் கதை.

பிறகு அவன் வண்டியில் கொண்டுவந்த பிரஸ்ஸை என் கராஜில் பூட்டினோம். அவன் அரை நாளில் கண்டுபிடித்திருக்கவேண்டிய விஷயம்தான். குண்டை அமர்த்துவதையும் வாயை நெருக்குவதையும் ஒரே இழுப்பில் செய்தால் தோல் சீவும். தனித்தனியாகச் செய்யவேண்டும். வாயை உள்ளே மடக்காமல், சுற்றிலும் சமமாக அமுக்கி மட்டும் விடவேண்டும். அது அவனுக்கும் தெரியும். இந்தத் தடவை அவனுக்குத் தெரிந்தது எதையும் நம்பத் துணிச்சல் இல்லை. உனக்காகப் பயந்துபோயிருக்கிறான். நான் பிரஸ்ஸின் திருகைச் சுற்றினேன், அவன் அளந்தான். சுடுகளத்துக்குப் போய் அவன் வாங்கிய குட்டித் துப்பாக்கியில் நான் நாலு சுட்டேன், அவன் ஐந்தாவதை எடுத்து அளந்தான். மூன்றாவது தடவைதான் நின்றது. அவன் அளந்துவிட்டு வெர்னியரை என்னிடம் நீட்டினான். நானும் அளந்தேன். ஒரு மயிரிழை நகரவில்லை.

அப்போதுதான் கேட்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்திருந்தேன், வந்துவிட்டது.

"வெண்டல், எனக்கு ஏன் ஒண்ணுகூட போட்டுக் குடுக்கல?"

காலிக் கூடுகளை எண்ணிப் பெட்டியில் போட்டான்.

"குடுத்திருந்தா நீ ஒவ்வொண்ணையும் அளந்து பாத்திருப்ப."

ஆமாம், அளந்திருப்பேன். ஒன்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலும் சாப்பாட்டு மேசையில் சொல்லிக் காட்டியிருப்பேன். நீ அவன் கொடுத்ததும் டப் டப் என்று சுட்டுவிட்டாய்.

சாயங்காலமே கிளம்பிவிட்டான். தங்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தங்கியிருக்கமாட்டான், அதனால்தான் சொல்லவில்லை. அவன் வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகு நீலச் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு மிச்சக் கேக்கை முழுசாகத் தின்றேன். இன்றுவரை வயிறு சரியில்லை.

அவன் உன்னிடம் ஒரு பெட்டி கொண்டுவருவான். ஐம்பது. பாதி அவன் போட்டது, பாதி நான் போட்டது. கலந்து அடுக்கியிருக்கிறோம். அடையாளம் எதுவும் இல்லை. நான் போட்ட தோட்டாவை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

நீ கேட்டதற்குப் பதில், சரி சொல். இதை எழுத மூன்று நாளில் எனக்குக் கிடைத்த தைரியம் இவ்வளவுதான். கல்யாணத்துக்கு வரமாட்டேன். வேலை, தூரம், உடம்பு என்று காரணம் சொல்லப்போவதில்லை. பொறாமை. உன்னைப் பார்த்து, அவனைப் பார்த்து, அந்த நிலவறையைப் பார்த்து. இந்த வருஷம் அது போகாது. அடுத்த வருஷம் கூப்பிட்டுப் பார்.

தோட்டாவை ஒவ்வொன்றாக அளந்த பிறகே சுடு. ஆனால் அவன் கண்ணெதிரில் அளக்காதே.

அக்கா